கட்டிலோடு வந்த கலியபெருமாள்

“கொஞ்சம் இருங்க தம்பி, சட்டை போட்டுடறேன்” என்றார் அந்த அம்மா.

அவருக்கு அல்ல, அவர் கணவருக்கு. வீட்டுக்குள் தண்ணீர் என் இடுப்பைத் தாண்டி நின்றது. அந்த அம்மா என்னைவிடக் குள்ளம், அவருக்கு மார்பு வரை இருந்தது. கணவர் இரும்புக் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலின் கால்களுக்கு அடியில் சூளைக் கற்களை அடுக்கி யாரோ உயர்த்தியிருந்தார்கள். தண்ணீர் கட்டில் நாடாவைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

அந்த அம்மா அவர் தலைக்கு எண்ணெய் தடவி வகிடெடுத்து வாரி முடித்திருந்தார். நெற்றியில் விபூதி. உத்தரத்தில் தொங்கிய ஒரு பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து, செயலற்றுக் கிடந்த வலது கையை அதற்குள் மெல்ல நுழைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் வெளியே வந்தன.

“யக்கா, தண்ணி ஏறுது. சட்டையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

“இந்தக் கோலத்துல அவர வெளில கூட்டிட்டு வர மாட்டேன் தம்பி. ஊரே பாக்கும். சூளை வேலைக்கிப் போறப்பகூட இஸ்திரி போட்டுத்தான் போவாரு.”

தெருமுனையில் படகோடு நின்ற மாரிமுத்துவின் குரல் கேட்டது. “அண்ணே, என்னா பண்றீங்க உள்ள?”

மேல் பட்டன்களை அந்த அம்மா போட்டார். கீழ்ப் பட்டன்களை நான் போட்டேன்.

மழைக்காலத்து நிலையம்

போன வாரம் இந்தத் தொடரில் கிணற்றில் விழுந்த பசுவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தீயணைப்புத் துறைக்காரன் தீயைப் பற்றி எப்போது எழுதுவான் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். என்ன செய்வது. விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் நெருப்பைவிட அதிகம் பார்த்தது கிணறும் பாம்பும் தண்ணீரும்தான்.

கோடையில் கரும்புக் கொல்லையும் வைக்கோல் போரும் எரியும். மற்ற நாட்களில், “சார், வூட்டுல நல்ல பாம்பு பூந்துடுச்சு” என்று போன் வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். விடுப்பு ரத்து. கயிறுகளை வெயிலில் உலர்த்திச் சுருட்டி வைப்போம். மரம் அறுக்கும் மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றி இழுத்துப் பார்ப்போம். ரப்பர் குழாய்களுக்குப் பக்கத்தில் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கும். அவற்றிலிருந்து ஒரு புழுங்கல் வாடை வரும். இன்றும் முதல் மழை பெய்தால் எனக்கு மண்வாசனைக்கு முன்னால் அந்த வாடைதான் நினைவுக்கு வருகிறது.

எங்களுடையது கடற்கரை மாவட்டம். புயல் கரையில்தான் ஏறும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஏறுவது அங்கேதான். ஆனால் மேற்கே பெய்கிற மழையெல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வெள்ளாறும் மணிமுத்தாறும் ஒரே நேரத்தில் நிறைந்தால் உள்ளூர் ஓடைத் தண்ணீருக்குப் போக இடம் இருக்காது. அது வந்த வழியே திரும்பித் தெருவுக்குள் வந்துவிடும்.

அதனால் மாவட்டத்தில் எல்லா நிலையங்களும் ஒரே குடும்பம் மாதிரி. கரையோரத்தில் அடி என்றால் நாங்கள் மரம் அறுக்கப் போவோம். இங்கே வெள்ளம் என்றால் கரையோர நிலையத்திலிருந்து ரப்பர் படகு வரும். அந்த வருஷம் படகோடு வந்தவன்தான் மாரிமுத்து.

கடலைப் பார்த்துச் சிரித்தவன்

மாரிமுத்துவை எனக்கு முன்பே தெரியும். படகுப் பயிற்சிக்காக எங்களையெல்லாம் ஒரு முறை கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நான் மண் பிசைகிற குடும்பத்தில் பிறந்தவன். என் சொந்தத்தில் பாதிப்பேர் பீங்கான் பட்டறைகளில் இருக்கிறார்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரித் தண்ணீர்தான். அலை அடித்துப் படகு ஒரு தடவை தூக்கிப் போட்டதும் காலையில் தின்ற இட்லி மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

மாரிமுத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவன். நான் வாந்தி எடுப்பதைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துச் சிரித்தான். “புது ஆளுன்னு தெரிஞ்சா இது கொஞ்சம் வெளயாடும் அண்ணே” என்றான். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்கருகே பிடித்தான். அன்றிலிருந்து அவனை எனக்குப் பிடிக்கும்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஆளைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவான். அன்று காலை எங்கள் நிலையத்தில் படகை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கும்போது சொன்னான்: “கடலு தண்ணி வாங்கல அண்ணே. வாய மூடிக்கிட்டு இருக்குது. அது தொறக்குற வரைக்கும் உங்க ஊருக்கு வடிகால் இல்ல.”

டீ பாதி இருக்கும்போதே போன் வந்தது.

பீங்கான் ஒடசல்

ஏரிக்குக் கீழே இருந்த ஒரு தெரு. கரையில் ஓரிடத்தில் கசிவு பெரிதாகி விடியற்காலையிலேயே தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. தெருவே காலி செய்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. போனில் பேசியவர் பக்கத்து வீட்டுக்காரர். “பூங்காவனம்னு ஒரு அம்மா சார், பொம்மைக்குக் கலர் அடிக்கும். வூட்டுக்காரு கலியபெருமாள் வாதத்துல படுத்த படுக்கை. கட்டில தூக்கிக் கல்லு மேல வச்சிட்டு வந்தோம். அவரு கனத்த ஆளு, நடந்து தூக்கிட்டு வர முடியல. அந்த அம்மா அவர வுட்டுட்டு வர மாட்டேன்னுடுச்சு” என்றார்.

நிலைய அலுவலர் என்னையும் மாரிமுத்துவையும் இரண்டு இளைய வீரர்களையும் அனுப்பினார். ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திப் படகை இறக்கினோம். வானம் வெளுத்திருந்தது. மழை நின்றிருந்தது. ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

தெருமுனை வந்ததும் மாரிமுத்து இஞ்சினை வேகப்படுத்தினான். நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

“இதுக்கு மேல வேணாம். அடில ஒடசல் இருக்கும்.”

“என்னா ஒடசல்?”

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சூளையில் வெடித்தது, கைப்பிடி போனது, மூக்கு உடைந்தது எல்லாவற்றையும் பட்டறைகளுக்குப் பின்னால் கொட்டி வைப்பார்கள். பள்ளம் தூர்க்கவும் தெருவில் போடுவார்கள். வெயிலில் வெள்ளை வெளேர் என்று மின்னும். சின்ன வயதில் அதன் மேல் ஓடி நாங்கள் வாங்காத வெட்டு இல்லை. ரப்பர் படகுக்கு அது கத்தி.

படகைத் தெருமுனையிலேயே கயிற்றால் கட்டிவிட்டு, மாரிமுத்துவை அங்கே நிறுத்திவிட்டு, நாங்கள் மூன்று பேரும் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போனோம். அப்படித்தான் அந்தச் சட்டை போடும் காட்சிக்குள் நான் நுழைந்தேன்.

கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது மாரிமுத்து படகை வாசலுக்கே இழுத்து வந்து அதன் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏரிப் பக்கமிருந்து ஒரு புது வேகம் வந்து படகைச் சுழற்றி எதன் மேலோ தேய்த்துவிட்டது. ஒரு பக்கக் காற்றறை இறங்கிக்கொண்டிருந்தது.

“ஒக்காந்து வர ஆளுன்னா ஒண்ணு ரெண்டு பேரு தாங்கும். படுக்க வச்சா கவுந்துடும்” என்றான்.

வயர்லெஸ்ஸில் கேட்டோம். இன்னொரு படகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. வரும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது. நான் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நாடாவைத் தொட்டுவிட்டது. வெள்ளைச் சட்டையின் ஓரம் நனைந்து கறுத்திருந்தது. கலியபெருமாள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்குப் பேச்சு கிடையாது. ஆனால் நாங்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டது என்பது கண்களில் தெரிந்தது.

நீல டிரம்

பள்ளிக்கூடங்களில் நாங்கள் செய்து காட்டும் ஒத்திகையில் ஒரு பகுதி வரும். காலிக் குடம், காலி எண்ணெய் கேன், வாழைத்தண்டு என்று வீட்டில் கிடப்பதை வைத்து எப்படி மிதப்பது என்று காட்டுவோம். ஒரு வீரர் இடுப்பில் குடங்களைக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டீச்சர்களும் சிரிப்பார்கள். நாங்களும் அதைச் சிரிப்புக் காட்டத்தான் செய்கிறோமோ என்று எனக்கே பல முறை தோன்றியிருக்கிறது.

பக்கத்துப் பட்டறையின் கதவு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பொம்மை வார்க்கக் களிக்கூழ் கரைக்கிற நீல பிளாஸ்டிக் டிரம்கள் நான்கைந்து மிதந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தன. நான் சொல்வதற்குள் இளைய வீரர்கள் நீந்திப் போய்விட்டார்கள்.

கட்டிலை ஆளுக்கொரு மூலையில் பிடித்து, நீளவாக்கில் வாசல் வழியாக வெளியே கொண்டுவந்தோம். கலியபெருமாள் சூளையில் வண்டி தள்ளிய உடம்பு. படுக்கையில் கிடந்தும் கனம் குறையவில்லை. தோளில் தாங்கிக்கொண்டே இரண்டு பக்கமும் மூடி இறுக்கிய டிரம்களைக் கட்டினோம். முடிச்சு எல்லாம் மாரிமுத்து போட்டான். மெல்லக் கையை எடுத்துப் பார்த்தோம். கட்டில் மிதந்தது.

மிச்சம் இருந்த ஒரே லைஃப் ஜாக்கெட்டைப் பூங்காவனம் அம்மாவுக்கு மாட்டினோம். என்னுடையதைக் கழற்றி அவர் கணவருக்குக் கட்டினேன். கட்டில் சாய்ந்தால் நான் கையையாவது அடிப்பேன், அவரால் முடியாது.

“யம்மா, நீங்க படகுல ஏறி நல்ல பக்கமா ஒக்காந்துக்குங்க” என்றான் மாரிமுத்து.

“மாட்டேன் தம்பி. அவருக்கு வலது பக்கம் உணர்ச்சி இல்ல. யாரு புடிச்சிருக்காங்கன்னே தெரியாது. நான் பக்கத்துல பேசிக்கிட்டே வந்தாத்தான் நான் இருக்கேன்னு தெரியும்.”

மாரிமுத்து என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். தொய்ந்த படகைக் கயிற்றில் பிடித்து அவன் முன்னால் போனான், அதோடு பிணைத்த கட்டில் பின்னால். வலது பக்கம் அந்த அம்மா. இடது பக்கம் தலைமாட்டில் நான். கால்மாட்டில் இளைய வீரர்கள்.

அவர் பேசிக்கொண்டே வந்தார். மல்லாந்து கிடப்பவருக்கு வானம் மட்டும்தானே தெரியும். “இதோ, டீக்கடைக்காரு வூட்டத் தாண்டுறோம். பாதி செவுரு முங்கிடுச்சு, தகரக் கூரை நிக்குது. மேல கோழி ஒக்காந்துட்டு இருக்குது, நம்ப கோழி இல்ல. இப்ப வேப்பமரம். நெழலு மூஞ்சில விழுதா? இதோ நம்ப பட்டறை. நான் வச்சிட்டு வந்த பொம்மையெல்லாம் என்னாச்சோ, கண்ணு மட்டும்தான் பாக்கி...”

வெள்ளத்தில் நான் எத்தனையோ பேரைக் கொண்டுவந்திருக்கிறேன். அழுகை கேட்டிருக்கிறேன், சாமி பெயர் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருவர் ஊர் சுற்றிக் காட்டியபடி வந்து பார்த்ததில்லை. பின்னால் வந்த இளைய வீரர்கள்கூட அவர் சொன்ன பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு கை

தெரு பெரிய ரோட்டில் சேரும் இடத்தில் குறுக்கே சாக்கடை. ரோட்டுக்கு அடியில் சிமெண்ட் குழாய் வழியாக அந்தப் பக்கம் போகும். மேலே பாவியிருந்த கல் புரண்டுவிட்டது எங்களுக்குத் தெரியாது, வரும்போது அதைப் படகில்தான் கடந்திருந்தோம். தண்ணீர் கலங்கல்.

அடுத்த காலடிக்கு அடியில் தரை இல்லை.

என் வலது கால் தொடை வரை குழாய்க்குள் போனது. தண்ணீர் அதை உள்ளே உறிஞ்சியது. இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனது. கட்டில் சட்டத்திலிருந்து கை நழுவியது. தலை தண்ணீருக்குள் போய்விட்டது. வாயில் சேறு. காதுக்குள் ஒரே இரைச்சல். யாரையும் கூப்பிட முடியவில்லை. என் மனைவி அன்று காலை, “சாயங்காலம் வரும்போது மெழுகுவத்தி வாங்கிட்டு வாங்க” என்று சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. ஏன் என்று தெரியாது.

பிறகு என் சட்டைக் காலரை ஏதோ பற்றியது. கிளை மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அது இழுத்தது. மூக்கு வெளியே வந்தது. மூச்சு வாங்கி நிமிர்ந்து பார்த்தேன். கட்டிலின் ஓரத்தில் தொங்கிய ஒரு கை. கலியபெருமாளின் இடது கை.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லைஃப் ஜாக்கெட் கழுத்தை முட்டியதில் தலையைத் திருப்ப அவரால் முடியாது. நான் மூழ்கிய இடம் அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. துழாவிப் பிடித்திருக்கிறார். கட்டில் என் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கத்து டிரம்கள் தண்ணீருக்குள் அமுங்கின. இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் அவரும் என் மேல்தான் விழுந்திருப்பார். அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பூங்காவனம் அம்மா வலது பக்கச் சட்டத்தில் தன் உடம்பு மொத்தத்தையும் போட்டுத் தொங்கினார். “வுடாதீங்க, வுடாதீங்க, வுடாதீங்க” என்றார். அவர் அதைக் கணவரிடம்தான் சொன்னார்.

மாரிமுத்து கயிற்றை ஒரு புங்கமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாய்ந்து வந்தான். மூழ்கி என் காலைப் பிடித்துப் பூட்ஸைக் கழற்றிவிட்டான். பூட்ஸ் குழாய்க்குள் போனது. கால் வெளியே வந்தது.

அந்தச் சமயம் முழுவதும் காலரில் பிடி தளரவே இல்லை.

ரோட்டு மேட்டில் ஜனங்கள் இறங்கி வந்து கட்டிலைத் தூக்கினார்கள். நானும் குனிந்தபடியே கட்டிலோடு நடந்து போனேன், ஏனென்றால் கை என்னை விடவில்லை. பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கட்டிலை இறக்கிய பிறகும் விடவில்லை.

“வுட்டுடுங்க. தம்பி நல்லா இருக்காரு, பாருங்க” என்றார் பூங்காவனம் அம்மா.

நான் அவர் முகத்துக்கு நேரே வந்தேன். “நல்லா இருக்கேன் அண்ணே” என்றேன். என்னை வெகு நேரம் பார்த்தார். அப்புறம்தான் விரல்கள் தளர்ந்தன. அந்த அம்மா தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். பிறகு அதே முந்தானையால் என் முகத்தையும் துடைத்துவிட்டார்.

மெழுகுவத்தி வாங்க மறந்து, ஒற்றை பூட்ஸோடு வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலை என் மனைவி இரண்டு தூக்கில் சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு, “அந்த ஸ்கூலு எங்க இருக்குது, காட்டுங்க” என்றாள்.

நீங்க சொல்லுங்க

தண்ணீர் வடிந்தது. மாரிமுத்து ஒட்டுப் போட்ட படகோடு ஊருக்குப் போனான். “கடலு வாயத் தொறந்துடுச்சு அண்ணே” என்று போனில் சொன்னான். தெருவில் சேற்றை வாரிக் கொட்டினார்கள். பூங்காவனம் அம்மா மறுபடி பொம்மைகளுக்குக் கண் எழுதப் போனார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

அவர்கள் வீட்டுக்குப் போய்வருவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் அந்த அம்மா என்னை வாசலில் நிறுத்திச் சொன்னார்:

“படுத்ததுலேருந்து யாரு வந்தாலும் செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்குவாரு தம்பி. கூடப் பொறந்தவங்க வந்தாக்கூட அப்படித்தான். இப்பல்லாம் திருப்பறதில்ல. வந்தவங்களப் பாத்து கைய தூக்கித் தூக்கிக் காட்டுறாரு. அவங்களுக்கு ஒண்ணும் புரியல. நான் சொன்னா, புருஷனப் பெருமையாப் பேசறா, நெசமா இருக்காதுன்னு நெனைக்கிறாங்க.”

அதனால் யாராவது உறவுக்காரர்கள் வந்தால் எனக்குப் போன் வரும். “தம்பி, வேலையா இருக்கீங்களா? பெண்ணாடத்துலேருந்து அவரு தங்கச்சி வூட்டுக்காரங்க வந்திருக்காங்க. ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போங்க.” நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன்.

போன மாதம்கூடப் போனேன். இந்த முறை அந்தத் தங்கையின் ஸ்ரீமுஷ்ணத்துச் சம்பந்தி வீட்டார். பேரம் பேசுகிறவர் போல உதட்டைப் பிதுக்கியபடி ஒரு பெரியவர் நாற்காலியில் இருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஏரிக் கசிவிலிருந்து ஆரம்பித்தேன். டிரம் கட்டியது, படகு ஓட்டையானது, கோழி உட்கார்ந்திருந்த கூரை என்று எதையும் விடவில்லை. விட்டால் கலியபெருமாள் தொண்டையில் ஒரு சத்தம் கொடுப்பார். திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும்.

சாக்கடை வரை வந்து நிறுத்தினேன். “கால் உள்ள போயிடுச்சு. தலையும் முங்கிடுச்சு. கூப்புட வாயில்ல” என்றேன்.

கலியபெருமாளின் இடது கை படுக்கையை விட்டு மெல்ல எழுந்தது. நான் குனிந்துகொடுத்தேன். கை என் தோளைத் தொட்டு, கழுத்தைத் தடவி, காலரைக் கண்டுபிடித்து இறுக்கியது. நாற்காலியில் இருந்த பெரியவர் எழுந்து பக்கத்தில் வந்தார். அந்தப் பிடியைக் கிட்டத்தில் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நான் குனிந்தபடியே இருந்தேன். கழுத்து வலித்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

“போதும், வுடுங்க” என்றார் பூங்காவனம் அம்மா. “தம்பிக்கு டீ ஆறுது.”